பதிவில் இல்லாத அழைப்பு

வெஸ்ட்ரூப் ஊரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் எடெலின் வீட்டு முன்னறையில்தான் இருந்தது. அப்பா செத்த வருஷம் அம்மா அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு எடெலும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நூற்றுப் பதினாறு இணைப்பு. மணி அடித்தால் ஒயரைச் சொருகி, "யார் வேணும்?" என்று கேட்க வேண்டும். பேசுவது யார் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. தொண்டையைச் செருமுகிற விதத்திலேயே ஆளைச் சொல்லிவிடுவாள். பால் பண்ணை மேலாளர் இரண்டு தரம் செருமுவார், பாதிரியார் ஒரே தரம். பன்றிப் பண்ணை கிரெஸ்டன் செருமவே மாட்டார். மூச்சை உள்ளே இழுத்து, எதையோ உற்றுக் கேட்பதுபோல ஒரு கணம் நிற்பார். பிறகுதான் பேச்சு வரும்.

நல்ல காதும் திருத்தமான கையெழுத்தும் உள்ள பெண்கள் தேவை என்று விமானப்படையிலிருந்து ஒரு லெப்டினன்ட் அம்மாள் ஊர் ஊராக வந்தபோது எடெலுக்கு இருபது வயது. சம்பளம் கிடையாது. வாரத்தில் ஒரு மாலை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இரண்டிரண்டு வார இறுதிகளில் பயிற்சி. படையின் ரிசர்வில் பெயர் இருக்கும். சண்டை வந்தால் கூப்பிடுவார்கள்.

"ஊர்ப் பேச்சை ஒட்டுக் கேட்டது போதாதுன்னு ஆகாசத்தையும் ஒட்டுக் கேக்கப் போறியா?" என்றாள் அம்மா.

"யூனிஃபார்ம் குடுக்கறாங்கம்மா."

"அதானே பாத்தேன்."

சாம்பல் கலந்த நீலத்தில் கோட்டும் பாவாடையும். எடெலுக்கு அது பாந்தமாக இருந்தது. அவளும் அதை அறிந்திருந்தாள்.

பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில் இருந்த நிலவறைதான் அவர்களுடைய மையம். நடுவில் பெரிய மேசை. அதன்மேல் கடற்கழியும் தீவுகளும் கரையும் தீட்டிய வரைபடம். சுற்றிலும் பெண்கள், காதில் ஹெட்போன், கையில் நீளமான கழி. வெளியே நாலா பக்கமும், மேடுகளிலும் தேவாலயக் கோபுரங்களிலும், விவசாயிகளும் தபால்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் இரண்டிரண்டு பேராகச் சாவடியில் உட்கார்ந்து வானத்தைக் கவனிப்பார்கள். தாழப் பறக்கும் விமானம் ரேடாரில் விழாத காலம் அது. காதில் கேட்டதும் சாவடியிலிருந்து போன் வரும்: எத்தனை விமானம், எந்தத் திசை, எவ்வளவு உயரம். பெண் அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, கழியால் ஒரு சின்ன அம்பை வரைபடத்தில் நகர்த்துவாள். கண் இல்லாத வானத்துக்கு அவர்கள்தான் கண். அப்படித்தான் லெப்டினன்ட் அம்மாள் சொல்வார்.

எடெலின் காதுக்கு நான்கு சாவடிகள். அதில் இருபத்தாறாம் சாவடி கிரெஸ்டனுடையது. அவருடைய நிலத்துக்குப் பின்னால், கடற்கழியைப் பார்த்த மேட்டில், மரத்தால் கட்டிய சின்னக் கோபுரம். கூடவே தபால்காரர் எகோன். கிரெஸ்டன் பைனாகுலரைத் தொடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். சத்தத்தை வைத்தே என்ன ரக விமானம், எஞ்சினில் என்ன குறை என்றுகூடச் சொல்வார் என்று எகோன் பெருமையடித்துக்கொள்வார்.

ஆனால் எடெல் சேர்ந்த அதே வருஷம், நவம்பர் பயிற்சியின் சனிக்கிழமை காலையில் கிரெஸ்டனே கோட்டைவிட்டார். மேற்கே தாழ்வாக ஏதோ வருகிறது என்று போன் செய்தார். எடெல் அம்பை வைத்தாள், மேசையே பரபரத்தது. கடைசியில் பார்த்தால், பக்கத்துப் பண்ணையின் கிழங்கு டிராக்டர் மேடேறிய சத்தம். லெப்டினன்ட் அம்மாள் எடெலைக் குடும்பப் பெயரால் கூப்பிட்டு, "விமானப்படை டிராக்டரை எல்லாம் சுட்டு வீழ்த்தறதில்ல, டோஃப்ட்கோர்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எடெலுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

பகலில் கடலிலிருந்து மூடுபனி ஏறியது. இரண்டு மணிக்குப் பறப்பதை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். நாலு மணி வரை சாவடிகள் சும்மா இருக்கட்டும், தொலைபேசித் தடங்களைச் சரிபார்க்கலாம் என்று உத்தரவு. பெண்கள் காலணியைக் கழற்றிவிட்டு பிஸ்கட் தின்ன ஆரம்பித்தார்கள்.

இரண்டு நாற்பதுக்கு எடெலின் காதில் அந்த மூச்சு கேட்டது.

"இருபத்தாறு பேசறேன். ஒரு ஜெட். மேற்கிலேர்ந்து. ரொம்பத் தாழ. எஞ்சின் விட்டு விட்டுக் கேக்குது."

"இன்னைக்குப் பறக்கறதை நிறுத்திட்டாங்களே, கிரெஸ்டன்."

"எனக்குக் கேக்குது."

மேசைக்கு எதிர்ப்பக்கம் லெப்டினன்ட் அம்மாள் புருவத்தை உயர்த்தினார். எடெல் ஒரு கையால் ஒலிவாங்கியை மூடிக்கொண்டாள். மறு கையால் டிராக்டரின் ஸ்டீயரிங்கைத் திருப்புவதுபோலக் காற்றில் திருப்பிக் காட்டினாள். மேசை முழுக்கச் சிரிப்பு. லெப்டினன்ட் அம்மாள்கூடச் சிரித்துவிட்டார். காலையில் பட்ட அவமானம் போன இடம் தெரியவில்லை. எடெல் கையை எடுத்துவிட்டு, "புரிஞ்சது," என்றாள். அதுதான் முறை. அழைப்பைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு அந்த ஒரு சொல். இணைப்பைத் துண்டித்தாள். பென்சிலை எடுக்கவில்லை.

பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத ஒற்றை விமானம் ஒன்று வேறெங்கோ ஒரு தளத்திலிருந்து கிளம்பியிருந்தது. ஓட்டியவர் ஃப்ளெமிங் ஸ்கோட் என்ற இருபத்து மூன்று வயது இரண்டாம் லெப்டினன்ட். அவர் தளம் திரும்பவில்லை. வானொலியில் அவர் கடைசியாகப் பேசியது வடக்கே திறந்த கடலுக்கு மேலே. அதனால் படகுகளும் ஹெலிகாப்டர்களும் அங்கேயே தேடின. மறுநாள் காலை, பனி விலகியபின், விலாங்கு வலை எடுக்கப்போன மீனவர் ஒருவர் கடற்கழியின் ஆழமில்லாத தண்ணீரில் விமானி குதித்தால் ஏறிக்கொள்ளும் மஞ்சள் ரப்பர் மிதவை ஒன்றைக் கண்டார். அதில் பையன் குந்தியபடி இருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. உதவி கேட்டு வெளிச்சம் காட்டும் துப்பாக்கியின் மூன்று தோட்டாவையும் சுட்டிருந்தான். பனிக்குள் யாருக்கும் தெரிந்திருக்காது. குளிரில் விறைத்துச் செத்திருக்கிறான், மாலை ஏழு மணி வரையாவது உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதைச் செய்தித்தாள் போட்டது. மிதவை கிடந்த இடத்திலிருந்து கிரெஸ்டனின் சாவடி இரண்டு கிலோமீட்டர்.

எடெல் அந்தச் செய்தியை வெட்டி வைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இரண்டு நாற்பதிலிருந்து ஏழு வரை என்பது நாலு மணி நேரம் இருபது நிமிஷம். அந்தக் கணக்கு அவள் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆறாம் நாள் ஒரு மேஜர் வந்தார். முதலில் சாவடிக்குப் போனார். சத்தம் கேட்டது, போன் செய்தேன், "புரிஞ்சது" என்று பதில் வந்தது என்றார் கிரெஸ்டன். சாவடியில் எழுதி வைக்கும் வேலை எகோனுடையது. அவரோ அந்த நேரம் காபி பிளாஸ்க்கை நிரப்பப் பண்ணை வீட்டுக்கு இறங்கியிருந்தார். "நான் திரும்பி வர்றப்ப கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருந்தார்," என்றார் எகோன். மேஜர் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு நிலவறைக்கு வந்து எடெலைக் கேட்டார். "இருபத்தாறாம் சாவடியிலேர்ந்து ரெண்டே முக்கால் வாக்குல ஏதாவது அழைப்பு வந்துதா?"

"பதிவேட்டுல இல்ல, சார்."

"அதான் நானும் பார்த்தேன்."

நோட்டை மூடிவிட்டார். அன்றைக்குச் சேர்ந்து சிரித்தவர்களை அவர் கேட்கவே இல்லை, அவர்களும் தாமாகச் சொல்லவில்லை. அவ்வளவுதான். எடெல் நின்ற இடத்திலேயே நின்றாள். பதிவேட்டைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்கிறேன் என்று அவர் இன்னொரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதை அவள் பின்னாளில் சத்தியம் செய்யத் தயாராக இருந்தாள். மேஜர் தொப்பியைப் போட்டுக்கொண்டு படியேறினார். முப்பத்தெட்டு வருஷம் அவள் அந்த இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊர் யாரையும் வைது தள்ளவில்லை. அந்தப் பக்கத்து ஜனங்கள் அப்படிச் செய்கிறவர்கள் அல்ல. கூட்டுறவுக் கடையில் கிரெஸ்டன் நுழைந்தால் யாராவது ஒருவர் மெல்லக் கொட்டாவி விடுவார். பால் பண்ணைக் குழுவில் பத்து வருஷம் இருந்தவரை அடுத்த தேர்தலில் யாரும் முன்மொழியவில்லை. "தூங்குமூஞ்சி கிரெஸ்டன்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய மகள் யொன்னாவுக்கு அப்போது ஏழு வயது. வகுப்பில் அவள் பாடம் வாசிக்க எழுந்தால் பின் பெஞ்சில் குறட்டைச் சத்தம் கேட்கும்.

கிரெஸ்டன் சாவடியை விட்டுப் போவார் என்று எடெல் எதிர்பார்த்தாள். போகவில்லை. அடுத்த வசந்தப் பயிற்சியில் ஹெட்போனை மாட்டிய பத்தாவது நிமிஷம் அந்த மூச்சு. "இருபத்தாறு பேசறேன். ரெண்டு விமானம். தெற்கிலேர்ந்து." குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். குத்தல் இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. எண், திசை, உயரம். அவள் "புரிஞ்சது" என்றாள். உடனே எழுதினாள்.

இப்படி இருபத்தைந்து வருஷம். எக்ஸ்சேஞ்ச் தானியங்கி ஆகி மூடப்பட்டது, அவள் வங்கிக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தாள், கால்நடைத் தீவன லாரி ஓட்டும் அக்சலைக் கல்யாணம் செய்தாள், படையில் பழைய குடும்பப் பெயரிலேயே கார்ப்பரல் ஆனாள், சார்ஜென்ட் ஆனாள். வருஷத்துக்கு நான்கு வார இறுதி, அந்தக் குரல் அவள் காதுக்குள் வந்து உட்காரும். மற்ற நாட்களில் அது வராமல் இருந்ததா என்றால், இல்லை. வங்கியில் நாணயம் எண்ணும் இயந்திரம் விட்டு விட்டு ஓடினால் கை நின்றுவிடும். மூடுபனி ஏறும் பகல்களில் வீட்டு ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு வானொலியைச் சத்தமாக வைப்பாள்.

அக்சல் ஒரு படகு வாங்கினான். முதல் வாரமே பெருமையாக ஒரு வாளி விலாங்கு கொண்டுவந்து, தோலுரித்து, துண்டு போட்டு வறுத்தான். வெள்ளைக் குழம்பில் உருளைக்கிழங்கும் செய்திருந்தான். எடெல் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"வயித்துக்கு ஒத்துக்காது."

"போன கிறிஸ்துமஸுக்கு ஊறவச்ச மத்தியை ஒத்தை ஆளா ஒரு ஜாடி தின்னே. அது ஒத்துக்குது, இது ஒத்துக்கலையா?"

"அக்சல், பனி நாள்ல நீ தண்ணிக்குப் போகாதே."

"நான் என்ன கேட்டேன், நீ என்ன சொல்றே?"

அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அக்சல் முள்ளை எடுத்துத் தட்டோரம் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். நல்ல மனுஷன். சொன்னால் ஒன்றும் சொல்லமாட்டான். மறுநாள் கிரெஸ்டன் வீட்டுக்குத் தீவனம் கொண்டுபோகும்போது அவர் முகத்தைப் பார்க்கமுடியாமல் தவிப்பான். வாயை மூடிக்கொண்டாள். அக்சல் தெரியாமலே செத்துப்போனான்.

செய்த ஒன்றுக்கு ஈடாக அவள் செய்தது, எதையும் விடாமல் எழுதியதுதான். சாவடியிலிருந்து யார் என்ன சொன்னாலும் எழுதுவாள், அம்பு வைப்பாள். ஒரு இலையுதிர் காலப் பயிற்சியில் கிரெஸ்டன் சொன்னார்: "இருபத்தாறு பேசறேன். காட்டு வாத்துக் கூட்டம். வடக்கிலேர்ந்து. அறுபது எழுபது இருக்கும்." கேலி செய்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுதினாள். அம்பை வைத்தாள்.

அப்போதிருந்த கேப்டன் குனிந்து பார்த்தார். "இது என்ன?"

"காட்டு வாத்து, சார்."

"வாத்து எப்ப நேட்டோவுல சேந்துது, சார்ஜென்ட்?"

மேசை சிரித்தது. எடெல் சிரிக்கவில்லை. "சாவடியிலேர்ந்து சொன்னாங்க. சொன்னா எழுதணும்," என்றாள். அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று கேப்டனை நிமிர வைத்தது. அதன்பின் எடெலின் பதிவேடு பயிற்சிக்கு வருகிற புதுப் பெண்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது.

அறுபது வயதில் கிரெஸ்டன் சாவடியிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் எடெல் இருந்தாள். கடைசியில் ரேடாரும் கணினியும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள, மையத்தை மூடினார்கள். நிலவறையில் கடைசி விழா. அந்த விபத்துக்குப் பிறகு பிறந்த ஒரு இளம் கேப்டன் பதக்கம் குத்திவிட்டு, காகிதத்தைப் பார்த்துப் படித்தார்: "சார்ஜென்ட் டோஃப்ட்கோர் முப்பத்தெட்டு வருட சேவையில் தவறவிட்ட அழைப்பு ஒன்றுகூடக் கிடையாது."

கைதட்டினார்கள். எடெல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள், "உணர்ச்சிவசப்படாம என்ன செய்யும், பாவம்," என்று முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை ஒரு கேக் சுட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு, காரை எடுத்துக் கிரெஸ்டன் பண்ணைக்குப் போனாள். பன்றிகள் இல்லை. கொட்டிலில் யாரோ பட்டணத்துக்காரர் படகு நிறுத்தியிருந்தார். கிரெஸ்டனின் மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம். விவாகரத்தாகித் திரும்பி வந்த யொன்னாதான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தவள் எடெலையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா உள்ளே இருக்கார். சத்தமா பேசணும். காது சுத்தமா போயிடுச்சு."

எடெல் இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தது மெல்லிய குரலில்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கிழவர், விசிலடித்த காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"எக்ஸ்சேஞ்ச் எடெல்தானே?"

"ஆமாம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னது?"

"ஒண்ணு சொல்லணும்! அந்த நவம்பர்ல... நீங்க கூப்பிட்டீங்க!"

"யாரைக் கூப்பிட்டேன்?"

எடெல் எழுந்து அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். "போன் பண்ணீங்க! ஜெட் வருதுன்னு சொன்னீங்க! நான்தான் எழுதல! சிரிச்சுட்டு விட்டுட்டேன்! மேஜர் கேட்டப்பவும் சொல்லல!"

சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம் நின்றுபோனது. யொன்னா கதவருகே வந்து நின்றாள்.

கிரெஸ்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அப்ப நான் தூங்கல," என்றார்.

"இல்ல!"

"முதல் வருஷம் எனக்குத் தெரியும், கூப்பிட்டேன்னு. எழுதினதுல எங்கேயோ தப்பு நடந்திருக்கும்னு நினைச்சேன். ரெண்டாவது வருஷமும் அப்படித்தான். அப்புறம் எல்லாரும் சொல்லிச் சொல்லி... என் பொண்டாட்டி ஒரு நாள் மெதுவா கேட்டா, 'கிரெஸ்டன், ஒரு நிமிஷம் கண் அசந்துட்டியோ?'ன்னு. அதுக்கப்புறம் அசந்துட்டேன்னு எனக்கே ஞாபகம் வர ஆரம்பிச்சுது. அப்ப வந்த கனவுகூட ஞாபகம் இருக்கு, எடெல். அப்பா கிணத்தடியில நின்னு என்னைக் கூப்பிடறார். நான் போகல."

எடெல் இத்தனை வருஷமும் ஒன்று மட்டும் நம்பியிருந்தாள்: அவருக்கு உண்மை தெரியும், தெரிந்தும் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறார் என்று. அந்த மௌனத்துக்குப் பயந்தாள், சில சமயம் நன்றியும் பட்டாள். இப்போதுதான் விளங்கியது. அவள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது நல்ல பெயரை மட்டும் அல்ல. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் கிரெஸ்டன். "அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாம."

அவள் கத்தினாள். ஒரு ஜெட், மேற்கிலிருந்து, ரொம்பத் தாழ, எஞ்சின் விட்டு விட்டு. அவர் உதடுகள் அவளுக்குப் பின்னாலேயே அசைந்தன.

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்," என்றார். சற்றுப் பொறுத்து, "நீ எழுதியிருந்தா அந்தப் பையன் பிழைச்சிருப்பானா?" என்று கேட்டார்.

எடெல் யொன்னாவைப் பார்த்தாள். யொன்னா உதவிக்கு வரவில்லை.

"பிழைச்சிருப்பான்!"

கிழவர் தலையை ஆட்டினார். அவர் கண் ஜன்னலுக்கு வெளியே கடற்கழிமேல் இருந்தது.

வாசல் வரை வந்த யொன்னா சொன்னாள்: "செவிட்டு மனுஷன்கிட்ட, கதவைச் சாத்திட்டுச் சொல்லிட்டீங்க. சரி. குறட்டை விட்டவங்க முன்னாடி எப்ப சொல்லப் போறீங்க?"

இலையுதிர் காலத்தில் ஊர்க் கூடத்தில் பழைய சாவடி ஆட்களின் வருடாந்தர விருந்து. மஞ்சள் பட்டாணிக் கூழ், உப்பிட்ட பன்றி இறைச்சி, கடுகு, ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ் சாராயம். அறுபது பேர் இருந்தார்கள். யொன்னா அப்பாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினாள். எடெல் கரண்டியால் கிளாஸைத் தட்டிவிட்டு எழுந்தாள். வாழ்த்துப் பேசப்போகிறாள் என்று எல்லாரும் சிரித்த முகத்தோடு திரும்பினார்கள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பிக் காட்டியதையும் விடாமல் சொன்னாள். முடித்துவிட்டு உட்கார்ந்தாள். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு மேசைக் கோடியிலிருந்து எகோன் கைத்தடியை ஊன்றி எழுந்தார். எண்பது வயது இருக்கும்.

"கண்ணை மூடித்தான் இருந்தான்," என்றார். "அவன் கேக்கறதே அப்படித்தான். அது எனக்குத் தெரியும். மேஜர்கிட்ட பாதியைச் சொன்னேன். அப்புறம் கடையில, கல்யாணத்துல, போற இடமெல்லாம் அந்தப் பாதியையே சொன்னேன். சொன்னா நல்லா சிரிச்சாங்க."

உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, பால் பண்ணைக் குழுவின் பழைய தலைவர் கூழ்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கிரெஸ்டனிடம் போனார். தானே அவருக்கு ஊற்றினார். அந்த ஊரில் அது பெரிய விஷயம். கூழ் எப்படி என்று யொன்னா காதில் கத்திக் கேட்டாள். "மோசமில்ல," என்றார் கிரெஸ்டன்.

பதக்கத்தை எடெல் தபாலில் திருப்பி அனுப்பினாள். அந்த விபத்தின் கோப்பு இப்போது இல்லை, பதக்கத்தை அவளே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கடிதத்தோடு அது திரும்பி வந்தது. கோபன்ஹேகனில் ஃப்ளெமிங்கின் அக்கா இருப்பதாகத் தேடிக் கண்டுபிடித்து எழுதினாள். பதில் மூன்று வரி: "கடிதம் கிடைத்தது. தம்பி உடனே இறந்துவிட்டான் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தோம். அம்மா அதை நம்பியே போனார்."

இதோடு முடிந்திருக்கும். முடியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கிரெஸ்டனின் நினைவு உதிர ஆரம்பித்தது. நேற்றையது முதலில் போயிற்று, பிறகு போன மாதம், பிறகு ஊர்க் கூடம். கிணற்றடிக் கனவு மட்டும் அசையாமல் இருந்தது. ஒரு நாள் யொன்னாவிடமிருந்து போன்.

"காலையிலேர்ந்து அழறார், தூங்கிட்டேன், ஒரு பையனைக் கொன்னுட்டேன்னு. நான் சொன்னா நம்பமாட்டேங்கறார். மகள் ஆறுதலுக்குச் சொல்றான்னு நினைக்கறார். நீங்க வந்து சொல்லுங்க."

எடெல் போனாள். காதில் கத்தினாள். நீங்க கூப்பிட்டீங்க, நான்தான் எழுதல. ஒவ்வொரு தரமும் அவர் முதல் தரம் கேட்பதுபோலவே கேட்டார். அதே திகைப்பு, அதே "அப்ப நான் தூங்கல." சில நாள் கோபம் வரும். "நீயா? எக்ஸ்சேஞ்ச் பொண்ணா? உன் குரலை நம்பித்தானே போனை வச்சேன்!" என்று கத்துவார். சில நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். எந்த நாள் எது வரும் என்று தெரியாமல்தான் அவள் ஒவ்வொரு வியாழக்கிழமையும் படியேறுவாள். ஒருமுறை சொன்னால் தீர்ந்துவிடும் என்று எண்ணியிருந்ததை பதினான்கு மாதம், வாரா வாரம், கத்திக் கத்திச் சொன்னாள். அவர் மறந்துபோனார். அவளுக்குத்தான் ஒன்றும் மறக்கவில்லை. யொன்னா சமையலறையில் நின்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். எடெல் கொண்டுவரும் கேக்கை அவள் தொட்டதே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் தேநீர் மட்டும் வைத்தாள்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை கிரெஸ்டன் படுக்கையில் இருந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. எடெல் குனிந்தபோது கண்ணைத் திறந்தார். "நான் தூங்கிட்டேனா?"

எடெல் வாயெடுக்குமுன் யொன்னா அவளை லேசாக விலக்கிவிட்டு அப்பாவின் காதருகே குனிந்தாள். "இல்லப்பா! நீங்க முழிச்சிட்டுதான் இருந்தீங்க! எல்லாருக்கும் தெரியும்!"

அன்றைக்கு அவர் மகளை நம்பினார். சனிக்கிழமை போய்விட்டார்.

அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. பழைய சாவடி ஆட்கள் ஆறு பேர் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். எடெல் கடைசி வரிசையில் இருந்தாள். ஒருவரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை, பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை கை பழக்கத்தில் கேக் சுட்டது, கார் பழக்கத்தில் பண்ணைக்குப் போனது. யொன்னா காபி கொடுத்தாள். இரண்டு பேரும் காலியான ஜன்னலோர நாற்காலியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க வந்தது அவருக்கு வேண்டியிருந்துது," என்றாள் யொன்னா. "எனக்கு வேண்டியதில்ல. கோபத்துல சொல்லல, எடெல். பள்ளிக்கூடம் முழுக்க எனக்கு அந்தக் குறட்டை. உங்களைப் பாக்கறப்பல்லாம் அது கேக்குது. இனிமே வராதீங்க."

"சரி," என்றாள் எடெல்.

காருக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்டாள். கை திருப்பவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. யொன்னா வெளியே நின்றிருந்தாள், கையில் கேக் டப்பா. கேக்கை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு டப்பாவைக் கழுவித் துடைத்திருந்தாள். எடெல் கண்ணாடியை இறக்கினாள்.

"டப்பாவை மறந்துட்டீங்க," என்று கொடுத்துவிட்டு, யொன்னா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.